வரைஞ்ச கட்டம் சரி... ஜாதகக் கட்டம்தான் சரியில்லை!

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பது இந்த ஊர்க் கணக்கு. டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போவார்கள். தினசரிப் பத்திரிகையில் நாளுக்கொரு காமிக்ஸ் வரைகிறவருக்கும் இதே 365 படிதான். ஒரே ஒரு வித்தியாசம். பக்தருக்கு உச்சியில் தணிகைவேலன் நிற்கிறான். ஓவியருக்கோ மறுநாள் ஜனவரி 1, மறுபடி முதல் படி!

இந்தப் படியில் கால் வைக்க விடுவதற்கே வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் சிண்டிகேட். நீங்கள் வரைய வேண்டியது, அவர் விற்க வேண்டியது. ஒரே காமிக்ஸை ஒரே நாளில் நூறு ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வாங்கி, வந்ததில் பாதி ஓவியருக்கு, பாதி தனக்கு என்று பிரித்துக்கொள்வார். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. அந்தக் கதவு இடுக்கில் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா? சத்தம் போடாமல் வாங்க!

மேஜையில் என்ன நடக்குது?

முதல் ரகசியம்: நாளிதழில் விரல் நீளத்துக்குத் தெரிகிற படம், மேஜையில் அநேகமாக இரண்டு மடங்கு பெரிசு. சுருக்கும்போது கோட்டின் நடுக்கமெல்லாம் மறைந்து படம் கண்ணாடி மாதிரி வந்துவிடும். இரண்டாவது ரகசியம்: பெரும்பாலான ஓவியர்கள் முதலில் எழுதுவது வசனத்தைத்தான். பலூனுக்கு இடம் ஒதுக்கிய பிறகே ஹீரோவுக்கு இடம். தமிழில் இந்தத் தலைவலி இன்னும் கொஞ்சம் கூடுதல். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று ஹீரோ வாயைத் திறந்தாலே பாதிக் கட்டம் போச்சு. வில்லன் பதில் சொன்னால் ஹீரோ தலையே போச்சு!

மூன்றாவது, தேதி. இன்று நீங்கள் பார்த்துச் சிரிக்கிற காமிக்ஸ் சில வாரங்களுக்கு முன்பே வரைந்து அனுப்பப்பட்டது. வண்ணத்தில் வரும் ஞாயிறு காமிக்ஸ் அதற்கும் முன்னால். சுட்டெரிக்கும் வெயிலில் விசிறிக்கொண்டே மழைக்கால ஜோக் யோசிப்பது இந்தத் தொழிலில் தினப்படி வேலை. காய்ச்சலா, கல்யாணமா, ஆடிக் கிருத்திகையா, எதுவானாலும் கட்டம் நிரம்பியாக வேண்டும்.

சிண்டிகேட் வாசலில் நிற்கப் போகிறவர் ஒரே ஒரு நல்ல ஜோக்கை எடுத்துக்கொண்டு போக முடியாது. குறைந்தது 24 நாளுக்கான காமிக்ஸ் கட்டாக வேண்டும். ஒன்று நன்றாக வந்தால் அதிர்ஷ்டம், இருபத்து நாலும் நன்றாக வந்தால்தான் சரக்கு என்பது அவர்கள் கணக்கு. பெரிய சிண்டிகேட்டுகளுக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகள் வந்து விழும். தேறுவது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் ‘வருந்துகிறோம்’ கடிதத்தோடு வந்த வழியே திரும்பும்.

கதவில் முட்டிக்கொண்ட மகராசன்கள்

திரும்பி வந்த கட்டுகளில் என்னென்ன இருந்தன தெரியுமா? சூப்பர்மேன் இருந்தான்! கிளீவ்லாந்து பள்ளிக்கூடத்துச் சினேகிதர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவனை நாளிதழ் காமிக்ஸாகத்தான் முதலில் தயார் செய்தார்கள். சிண்டிகேட்டுகள் வரிசையாகக் கைவிரித்தன. கடைசியில் 1938ல் ஒரு புதிய காமிக்ஸ் புத்தகத்துக்கு அவசரமாகக் கதை தேவைப்பட்டது. நாளிதழுக்காக வரைந்து வைத்திருந்த கட்டங்களைக் கத்தரியால் வெட்டி, பசை தடவிப் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். உலகத்தையே தூக்கப் போகிறவன் கத்தரியும் பசையுமாகத்தான் பிறந்தான்! 130 டாலருக்கு உரிமை மொத்தமும் கைமாறியது. 1939 ஜனவரியில் அதே சூப்பர்மேன் சிண்டிகேட் வழியாகவே நாளிதழ்களுக்குள் நுழைந்தான். அப்போது அவன் சீகலுக்கும் சொந்தமில்லை, ஷஸ்டருக்கும் சொந்தமில்லை.

சார்லஸ் ஷுல்ஸ் கதை இன்னும் வேடிக்கை. தன் ஊர்ப் பத்திரிகையில் ‘லில் ஃபோக்ஸ்’ என்று வாரம் ஒரு முறை வரைந்துகொண்டிருந்தவர். 1950ல் யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட் அவரை எடுத்துக்கொண்டது, ஆனால் பெயரை மாற்றிவிட்டது. புதுப்பெயர் ‘பீனட்ஸ்’. வேர்க்கடலை! அந்தப் பெயர் ஷுல்ஸுக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. இடத்தை அடைக்காத காமிக்ஸ் என்று சொல்லி விற்றதால் நாலு கட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கம் கட்டுகிறவர் அதைப் படுக்கையாகவோ, செங்குத்தாகவோ, சதுரமாகவோ எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே செருகலாம். 1950 அக்டோபர் 2 அன்று வெறும் 7 பத்திரிகைகளில் தொடங்கியது. பிற்பாடு 2,000 பத்திரிகைகளைத் தாண்டிப் பறந்தது. உதவியாளர் வைத்துக்கொள்ளாமல் ஷுல்ஸ் வரைந்தவை மொத்தம் 17,897. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தணிகை மலையை 49 தடவை ஏறியாயிற்று!

பில் வாட்டர்சன் என்றொரு பிடிவாதக்காரர். சின்சினாட்டியில் கார்ட்டூனிஸ்ட் வேலையைச் சில மாதங்களிலேயே பறிகொடுத்து, மளிகைக்கடை விளம்பரங்களுக்குப் பக்கம் கட்டிக்கொண்டே சிண்டிகேட் வாசல் வாசலாக ஏறினார். ஒரு சிண்டிகேட் இறங்கி வந்தது. ஆனால் நிபந்தனை: பொம்மைக் கடைக்காக உருவாக்கிய ரோபோட்மேனை உன் கதைக்குள் சேர்த்துக்கொள். சோற்றுக்கே வழியில்லாத மனுஷன் முடியாது என்று சொல்லிவிட்டார். வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள, 1985 நவம்பர் 18 அன்று ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ 35 பத்திரிகைகளில் வந்தது. பத்தே வருஷம். 1995 டிசம்பர் 31 அன்று அவரே நிறுத்திக்கொண்டார். ஆமாம், நம் படித் திருவிழா நாளேதான்!

லண்டன் டு சிவகாசி

சிண்டிகேட்டின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு நம் பெட்டிக்கடைகளே சாட்சி. 1984 ஜூலையைப் பாருங்கள். ஒரே மாதத்தில் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு வந்தது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு வந்தது. மாடஸ்டி, பாண்ட் இரண்டு பேருமே லண்டன் தினசரிகளில் நாளுக்கு ஒரு துண்டாக வந்தவர்கள்! மாடஸ்டி 1963 முதல் ஈவினிங் ஸ்டாண்டர்டில், பாண்ட் 1958 முதல் டெய்லி எக்ஸ்பிரஸில். நேற்றைய கதையை மறந்த வாசகருக்காகத் தினசரி காமிக்ஸின் முதல் கட்டம் முன்கதையைத் தொட்டுக் காட்டும். அதையே புத்தகமாக அடுக்கும்போது ஹீரோ சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். வெட்டி ஒட்டி, பலூனை அழித்துத் தமிழ் எழுதி, அதைப் புதுக்கதையாக நம் கையில் கொடுத்தவர்கள் சிவகாசிக்காரர்களும் சென்னைக்காரர்களும்தான்.

எல்லாம் சரி. அங்கே இருந்து இங்கே வந்தது. இங்கே இருந்து அங்கே போனது எது?

சிந்துபாத் ஏன் ஊரைத் தாண்டலை?

1960ஐ நினைத்தாலே எனக்குக் கிளுகிளுப்பு. அந்த வருஷம் ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குக் கிடைத்த பலன். அதே வருஷம் தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ தொடங்கியது. அதே வருஷம் வடக்கே ‘மிலாப்’ நாளிதழில் பிரான் தன் ‘டாபு’வைத் தொடங்கினார். பின்னாளில் சாச்சா சௌத்ரியைக் கொடுத்த அதே பிரான்தான்.

கன்னித்தீவின் சாதனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மந்திரவாதி மூசா, சிறுத்துப்போன லைலா, அவளைச் சுமந்து அலையும் சிந்துபாத், நாளுக்கு இரண்டு மூன்று கட்டம். ஓவியர் கணு தொடங்கி வைத்ததைப் பிறகு தங்கம் தொடர்ந்தார். இருபதாயிரத்தைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையில் ஷுல்ஸையே முந்தியாயிற்று! கோர்ட்டு கேஸ் இழுத்தால்கூட ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லும் அளவுக்கு ஊர்ப்பேச்சில் குடியேறிய காமிக்ஸ் தமிழில் வேறு எது?

ஆனாலும் சிந்துபாத் ஏழு கடல் தாண்டினானே தவிர, ஒரு பத்திரிகையைத் தாண்டவில்லை. இங்கே காமிக்ஸ் என்பது பத்திரிகையின் சொத்து. ஓவியர் அங்கே சம்பளக்காரர், அல்லது சன்மானம் வாங்குகிறவர். ஒரு பத்திரிகையில் வருவதைப் போட்டிப் பத்திரிகை தொடாது. தனியாக ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போகும் இளைஞருக்கோ ‘இடமில்லையே தம்பி’ என்ற பதில். உண்மையில் இடம் இருக்கிறது, அது வெளிநாட்டு காமிக்ஸுக்குப் போய்விடுகிறது. அதற்கு அசல் செலவு எப்போதோ எடுத்தாயிற்று, அதனால் அது அடிமாட்டு விலைக்கு வரும். உள்ளூர்க்காரர் ஒரே பத்திரிகையை நம்பிப் பிழைக்க வேண்டும், அதனால் அவர் கேட்கும் நியாயமான கூலியே அதிகமாகத் தெரியும். ஜோசியர் ‘உன் கட்டம் சரியில்லை’ என்று பரிகாரம் சொல்லலாம். கோளாறு ஜாதகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

வடபழனியில் ஒரு மாயாஜாலம்

நம் பக்கத்தில் சிண்டிகேட்டுக்குக் கிட்டத்தட்ட இணையான ஒன்று நடந்தது, அதுவும் ஒரு முருகன் ஊரில்! 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் ஒரு பிள்ளைகள் பத்திரிகை தொடங்கினார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. வடபழனி அச்சகத்தில் படம் ஒன்றுதான், எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறும். பிறகு கன்னடம், இந்தி, மராத்தி என்று பத்து மொழிகளைத் தாண்டியது. படத்துக்குள் எழுத்தே கிடையாது என்பதுதான் அதன் சாமர்த்தியம். ஒரே ஓவியம் எல்லை எல்லையாகத் தாண்டிப் போகும், சோதனைச் சாவடியில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

அந்த ஓவியங்களில் தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடந்து போவானே, அவனை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 1924ல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, கலைமகளில் வரைந்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, பத்திரிகை நிற்கும் காலம்வரை அங்கேயே வரைந்தவர். மொழி மொழியாகத் தாண்டிப் போன கை அது. ஆனால் மொழிக்கு இவ்வளவு என்று ராயல்டி எண்ணிய கை இல்லை. மாதச் சம்பளம்தான். 2020ல், 96 வயதில் மறைந்தார். மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கதவு திறந்த ஒரு பல் டாக்டர்

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பல் மருத்துவம் படித்த நாக்பூர்க்காரர் ரோஹன் சக்கரவர்த்தி, காட்டுயிர்களை வைத்து ‘கிரீன் ஹ்யூமர்’ வரைகிறார். வாட்டர்சனை எடுத்துக்கொண்ட அதே நிறுவனத்தின் சிண்டிகேட், இந்தியாவிலிருந்து அவர் தொடரை உலகத்துக்கு விநியோகித்தது. நம் சென்னை ‘தி இந்து’வும் அவருக்கு இடம் கொடுத்தது. அவர் போட்டி போட்டது சூப்பர்மேன்களோடு இல்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த தவளையையும் ஆந்தையையும் எடுத்துக்கொண்டார்.

திருத்தணிப் பிள்ளைகளே, உங்களுக்குத் தெரிந்தது என்ன? ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகள். காவடியோடு எல்லை தாண்டி வரும் கூட்டம். ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறு பக்கம் திருப்பதி. ஒரே காமிக்ஸை இரண்டு மொழியில் எழுதி, இரண்டு மாநிலத்துப் பத்திரிகைக்கும் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே இருக்கிறது? பலூனை மட்டும் காலியாக விட்டு வரையுங்கள். 24 நாளுக்கான கட்டு தயார் செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் உரிமை யாருக்கு என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள், 130 டாலரை நினைத்துக்கொண்டு.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நாலு ஊர்ப் பத்திரிகைகள் சேர்ந்து ஒரு உள்ளூர் காமிக்ஸுக்குப் பங்கு போட்டுக் காசு கொடுத்தால், அதுவே ஒரு சிண்டிகேட். நம்மிடம் கை இருக்கிறது, கதை இருக்கிறது, காத்திருக்கும் வாசகரும் இருக்கிறார். விற்றுக் கொடுக்கும் ஆள்தான் பாக்கி.