கோலாலம்பூரில் ‘பூர்’ இல்லை

டீயை ஆற்றிக்கொண்டே யோசிப்போம். ஜெய்ப்பூர், நாக்பூர், சிங்கப்பூர், கோலாலம்பூர். வரிசையாகச் சொன்னால் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் காதில் விழுகின்றன. ‘பூர்’ என்றால் ஊர். அப்படியானால் ‘கோலாலம்’ என்றால் என்ன? அநேகமாக நாம் எல்லோருமே இங்கேதான் வழி தவறுகிறோம். அந்தப் பெயரை நாம் தமிழில் எழுதும் விதமும் அப்படித்தான் படிக்கச் சொல்கிறது.

சிங்கப்பூர் வரை கணக்கு சரி. அது சமஸ்கிருதத்தின் சிங்கமும் புரமும் சேர்ந்த பெயர். மலேசியத் தலைநகரின் பெயரை மட்டும் வேறு இடத்தில் பிரிக்க வேண்டும்: கோலா, லம்பூர். கோலாசிலாங்கூர், கோலாதிரங்கானு, கோலாகங்சார் என்று அந்நாட்டின் மற்ற ஊர்களை அடுக்கினால் ‘கோலா’ தனியே கழன்று வருவது தெரியும். மலாயில் அது ‘குவாலா’. மிச்சமிருக்கும் ‘லம்பூர்’, மலாயில் ‘லும்பூர்’, மேலும் பிரியாத ஒரே சொல். அதன் பொருள் சேறு.

குவாலா என்பது ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ போய்ச் சேரும் வாய். பவானி காவிரியில் சேரும் இடம் நமக்குக் கூடுதுறை. காவிரி கடலில் புகும் இடம் புகார். மலாய்க்காரர்களுக்கு இரண்டுக்கும் குவாலா ஒன்றே போதும். ஆக, சேற்று முகத்துவாரம்.

இங்கே கூடும் ஆறுகள் கோம்பாக், கிள்ளான். 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, இந்தக் கூடுதுறையில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். அந்த ஈயத்தால் வளர்ந்ததுதான் ஊர்.

எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இனிமேல்தான். பெரிய சாலையில் போகும் பஸ்ஸின் நிறுத்தத்துக்கு, அங்கே பிரியும் சின்னத் தெருவின் பெயரைத்தானே வைக்கிறோம்? படகோட்டிகளும் அப்படித்தான். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் விழுமிடம் கோலாகங்சார். அந்த வழக்கப்படி, கிள்ளானில் வந்து விழும் கோம்பாக்கின் பெயரால் இந்த ஊர் ‘கோலாகோம்பாக்’ ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் ‘சுங்கை லும்பூர்’, அதாவது சேற்றாறு, என்றே ஓர் ஓடை இருந்தது, பெயர் அதிலிருந்து வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் நாக்குப்போல நீளும் நிலத்தில் 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமிக் நிற்கிறது. மழை விட்டதும் அதன் எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். கூடுமிடத்தில் தண்ணீர், நம் கையிலிருக்கும் டீயின் நிறத்தில் ஓடும்.