25 வயது மாணவர் எழுதிய ஆய்வு

சமூகவியல் படிக்கிறோம் என்றால், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று நம் தெருவிலேயே கேட்கிறார்கள்.

1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக இருந்த அம்பேத்கர், 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். சாதி என்பது மனு ஒருவர் வகுத்துத் தந்ததல்ல; சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறைதான் அதன் உயிர்நாடி என்று அதில் விளக்கினார். சாதி மாறி மணம் செய்தவர்கள் இன்றும் ஏன் வெட்டப்படுகிறார்கள் என்பது அதைப் படித்தால் விளங்கும்.

தமிழில் வந்துள்ள அம்பேத்கர் நூல் தொகுப்பின் முதல் தொகுதியில் இக்கட்டுரை இருக்கிறது. ஊர் நூலகத்தில் கேட்போம். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம். வேலைக்குப் பட்டம் வேண்டும்தான். நம்மை ஏன் ஊருக்கு வெளியே வைத்தார்கள் என்று கேட்பதற்கு இந்தப் படிப்பும் வேண்டும்.