எதிர்க்கரை தந்த நகைச்சுவைக் கலைஞர்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் எங்கள் புத்தளக் கடற்கரையும், மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள தூத்துக்குடிக் கரையும் நெடுங்கால உறவுடையன. முத்துக்குளிப்பும் மீன்பிடியும் வாணிகமும் பரத குலத்தோரை இரு கரைகளிலும் குடியமர்த்தின. தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவிலே தமிழும் சிங்களமும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கின்றோம். அந்த எதிர்க்கரையிலே பிறந்து, இந்நாட்டின் தலைநகரிலே வளர்ந்து, தமிழ்த் திரையுலகைச் சிரிக்கவைத்த ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர்தான் ஜே. பி. சந்திரபாபு.

1927ஆம் ஆண்டு தூத்துக்குடியிலே கத்தோலிக்கப் பரதர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். வீட்டார் அவரைப் பாபு என்றழைத்தனர். சந்திர குலத்தவர் என்ற மரபைக் குறிக்கும் வண்ணம் பின்னாளிலே அவர் சந்திரபாபு ஆனார். தந்தையார் இந்திய விடுதலைக்காகப் பத்திரிகை நடத்தியவர். அதன் விளைவாக அந்நிய ஆட்சியின் சினத்துக்கு ஆளாகவே, குடும்பம் கொழும்பிலே தஞ்சம் புகுந்தது. பாபுவின் கல்வியும் இளமையும் அங்கேயே கழிந்தன. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வழங்கிய அந்நகரில், கோயிற் பாடலும் மேனாட்டு இசையும் போர்த்துக்கீசர் வழிவந்த பைலாவும் பக்கத்துப் பக்கத்திலே ஒலித்தன. பிற்காலத்தில் அவர் கலையிலே காணப்பட்ட பன்மைக்கு இச்சூழல் வித்திட்டிருக்க வேண்டும் எனக் கருதுதல் தவறாகாது.

1943ஆம் ஆண்டளவில் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. 1947இல் வெளிவந்த ‘தன அமராவதி’ அவருடைய முதற்படம். ஆயினும் வாய்ப்புகள் எளிதில் வந்து குவியவில்லை. படப்பிடிப்பு நிலையங்களின் வாயிலிலே காத்திருந்து காத்திருந்து மனம் உடைந்த அவ்விளைஞர், 1952இல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பிறரைச் சிரிக்கவைக்கும் ஆற்றல் நெஞ்சு நிறைய இருந்தும், அதனை ஏற்பாரின்றித் தவித்த நிலை அது! அதே ஆண்டில் ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ அவருக்கு வழி திறந்தது.

அவருடைய தனித்திறன் யாது? முதலாவது, குரல். ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள் பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் உள்ளோரைக் கூவி அழைக்கும் ‘யோடலிங்’ என்றொரு முறை உண்டு. நெஞ்சிலிருந்து எழும் தாழ்ந்த குரலையும், அதனின் வேறான மெல்லிய உச்சக் குரலையும் இடைவெளியின்றி மாறிமாறி ஒலிப்பதே அதன் நுட்பம். குரல் உடையும் அந்த ஓசையை மறைக்காமல் அழகாக்குதல் வேண்டும். சந்திரபாபு இதனைத் தமிழ் மெட்டிலே பொருத்திப் பாடினார். தமக்கு மட்டுமன்று, 1954இல் வந்த ‘பெண்’ படத்திலே எஸ். பாலசந்தருக்கும் அவரே குரல் கொடுத்தார்.

இரண்டாவது, உடல். மேனாட்டு நடனத்தின் துள்ளலும், தடுமாறி விழும் சாகசமும் அவருக்குக் கைவந்தவை. மூன்றாவது, செவி. 1958இல் பி. ஆர். பந்துலு உருவாக்கிய ‘சபாஷ் மீனா’வில் நாயகனின் நண்பனாகவும், சென்னைத் தெருமொழி பேசும் ரிக்‌ஷாக்காரனாகவும் இரு வேடம் பூண்டார். கொழும்பிலே வளர்ந்த ஒருவர் சென்னை உழைப்பாளியின் பேச்சை அத்துணை இயல்பாகப் பேசினாரெனின், அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருத்தல் வேண்டும்! அக்கதை ‘தில் தேரா தீவானா’ என்ற பெயரில் 1962இல் இந்தியிலும் வந்தது.

1960இல் ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தின் நாயகரானார். பெயர் அவர் வாழ்வுக்குப் பொருந்தவில்லை. எம். ஜி. ஆரை நாயகராகக் கொண்டு அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ முற்றுப்பெறாமல் நின்றது. பெரும் பொருள் கரைந்தது. 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தாமே இயக்கினார். விவிலியத்தின் வாக்கைத் தலைப்பாகக் கொண்ட அப்படத்துக்குப் பின்னரும் செல்வத்தின் கதவு திறக்கவில்லை. மதுவும் அவர் உடலை வருத்தியது. 1974 மார்ச் 8ஆம் நாள், 46ஆம் வயதிலே, சென்னையில் காலமானார்.

நேயர்களே, சிரிப்பு மூட்டுதல் எளிய தொழில் என எண்ணுவோர் பலர். வகுப்பிலே பிறரைச் சிரிக்கவைக்கும் மாணவனை ஆசிரியர்களாகிய நாங்களும் பெரும்பாலும் வீணன் என்றே குறித்துவைக்கின்றோம். சந்திரபாபுவின் வாழ்வோ, நகைச்சுவையின் பின்னே இசைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் மொழி நுணுக்கமும் உண்டெனக் காட்டுகின்றது. சிரிப்பவர் அழுகின்றாரா எனச் சற்றே கேட்டறியும் கடமை அருகிலிருப்போருக்கு உண்டு என்பதையும் அது உணர்த்துகின்றது. வானொலியிலே அவர் குரல் உடைந்து மேலெழும்போது நாம் மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலையையும் நினைவிற் கொள்வோமாக.