சிகிச்சை யாருக்காக?

புது தில்லி: 2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் லக்னௌவில், எய்ட்ஸ் தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த இரு தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் போலீஸார் சோதனை நடத்தினர். ஆணுறைகளும் பாலியல் நலப் பிரசுரங்களும் கைப்பற்றப்பட்டன. ஊழியர்கள் நால்வர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, சதி, குற்றத்துக்கு உடந்தை ஆகிய குற்றச்சாட்டுகளின் கீழ் வழக்குப் பதிவானது. கீழ் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. 47 நாள்கள் அவர்கள் சிறையில் இருந்தனர். தன்பாலின உறவு கொள்ளும் ஆண்களிடம் சென்று நோய்த் தடுப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று தொண்டு நிறுவனங்களை அரசே ஊக்குவித்து வந்த காலம் அது.

அதே 2001இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வேறொரு புகார் வந்தது. தில்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில், ஓர் இளைஞரின் தன்பாலின ஈர்ப்பை 'மாற்றுவதற்காக' மருந்தும் ஆலோசனையும் ஆண்டுக் கணக்கில் அளிக்கப்பட்டன என்பது அந்தப் புகார். உலக சுகாதார நிறுவனம் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே மாதமே நீக்கியிருந்தது. இருந்தும் ஆணையம் புகாரை விசாரணைக்கு ஏற்கவில்லை.

ஒரு சம்பவத்தில், உதவி செய்தவர் குற்றவாளியாக்கப்பட்டார். மற்றொன்றில், உதவி நாடியவர் நோயாளியாக்கப்பட்டார். மருத்துவரும் சமூகப் பணியாளரும் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் - எதிரே அமர்ந்திருப்பவருக்கா, அவரை அழைத்து வந்த குடும்பத்துக்கா, அல்லது அரசுக்கா? பாலியல் சிறுபான்மையினர் விஷயத்தில் இக்கேள்விக்கு விடை காண இந்நாட்டுச் சட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக் கொண்டது. விடை இன்னும் முழுமை பெறவில்லை.

377ஆவது பிரிவை எதிர்த்து நாஸ் அறக்கட்டளை 2001இல் தொடுத்த வழக்கில் மத்திய அரசே இரு குரலில் பேசியது. சட்டப் பிரிவு நீடிக்க வேண்டும் என்றது உள்துறை அமைச்சகம். தன்பாலின உறவு கொள்ளும் ஆண்கள் சுமார் 25 லட்சம் பேர், அவர்களிடையே எச்ஐவி தொற்று சுமார் 8 சதவீதம், சட்டத்துக்கு அஞ்சி அவர்கள் மறைந்து வாழ்வதால் தடுப்புப் பணி தடைபடுகிறது என்று 2006இல் பிரமாணப் பத்திரம் அளித்தது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு, வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று முடிவாகக் கூறியது.

அதிலிருந்து நான்கே நாள்களில், செப்டம்பர் 10ஆம் தேதி, எச்ஐவி - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 377 தீர்ப்பின் பரபரப்பில் இது போதிய கவனம் பெறவில்லை. அறிந்து அளிக்கும் சம்மதம் இல்லாமல் எவருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவரது தொற்று நிலையைப் பிறருக்கு வெளியிடக் கூடாது. தொற்று அபாயத்தைக் குறைக்கும் எந்த வழிமுறையும் குற்றமாகாது என்கிறது அச்சட்டம். லக்னௌ ஊழியர்களுக்கு இந்தக் கடைசி விதி 17 ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்தது.

எனினும், களத்தில் ரகசியம் காப்பது எளிதல்ல. இலக்கு நோக்கிய தடுப்புத் திட்டங்கள் எண்ணிக்கையில் இயங்குபவை. எத்தனை பேர் பதிவாகினர், எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தனர் என்பதே நிதிக்கு அளவுகோல். களப்பணியாளர் பெரும்பாலும் அதே சமூகத்தவர். சொற்ப மதிப்பூதியம் பெறுபவர். அவர் கையிலுள்ள பதிவேட்டில் இருப்பவை, வீட்டாருக்கே தெரியாத உண்மைகள். அந்த நோட்டு தவறான கைகளில் சிக்கினால் சிலருக்கு வேலை போகும். சிலருக்கு வீடே போகும்.

சென்னை உயர் நீதிமன்றம் இதை உணர்ந்திருந்தது எனலாம். மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் தொண்டு நிறுவனத்தின் உதவியை நாடிய இரு பெண்கள், பெற்றோர் அளித்த 'காணவில்லை' புகார்களால் போலீஸ் விசாரணைக்கு உள்ளாகினர். அவர்கள் தொடர்ந்த வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு பிறப்பித்தார். தமக்கே இவ்விஷயத்தில் தெளிவு தேவை என்று கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அவர் முன்னதாக விளக்கம் பெற்றது நீதித் துறையில் அபூர்வமானது. உதவி நாடுவோரின் விவரங்களைத் தொண்டு நிறுவனங்கள் ரகசியமாகப் பாதுகாக்க வேண்டும் என்றும், பாலியல் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை தடுக்கப்பட வேண்டும் என்றும் அந்த உத்தரவு கூறியது.

இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, அத்தகைய சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது. ஆனால் இது பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். மகனை 'சரிசெய்ய' விரும்பும் பெற்றோர் நாடும் தனியார் ஆலோசகரோ, சாமியாரோ மருத்துவக் கவுன்சிலின் அதிகாரத்துக்குள் வருவதில்லை.

சமுதாயத்தின் ஒழுக்க, பண்பாட்டு நெறிகளுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. அது நடைமுறையில் எவ்வளவு தூரம் சென்றடைந்தது என்பது வேறு விஷயம். நீதிமன்றங்களே சில வழக்குகளில், பெற்றோரிடமிருந்து வெளியேறிய பெண்ணை ஆலோசனைக்கு அனுப்பி வைத்தன. கேரளத்திலிருந்து வந்த அத்தகைய வழக்கு ஒன்றில் 2024 மார்ச் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஆலோசனை என்ற பெயரில் ஒருவரது அடையாளத்தையோ பாலியல் ஈர்ப்பையோ மாற்ற முயலக் கூடாது என்று உயர் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் வெளியான எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், பெண் தன்பாலின உறவு 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' வரிசையில் மீண்டும் இடம்பெற்றது. 2022இல் திருத்தப்பட்ட பகுதி அது. இரண்டே ஆண்டுகளில் பழைய வாசகம் எப்படித் திரும்பியது என்பது வியப்புக்குரியது. கண்டனம் எழுந்ததையடுத்து, செப்டம்பர் 5ஆம் தேதி அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. மாணவர் படிக்கும் பாடம் நாளை அவரது சிகிச்சை அறைக்கும் உடன் வரும் என்பதால், இதை வெறும் அச்சுப் பிழையாகக் கடந்துவிட முடியாது.

அடுத்த சிக்கல் அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் காத்திருக்கிறது. நோயாளி நினைவிழந்தால் கையெழுத்திடுபவர் யார்? மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள், அறுவைச் சிகிச்சைக்கு முன் கணவன் அல்லது மனைவி, சிறாராயின் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி ஆகியோரின் சம்மதத்தையே குறிப்பிடுகின்றன. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியபின், பல்லாண்டு உடன் வாழ்ந்த இணையருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. இணையர் இறந்தால், நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் உடலைக் கோரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. உயிரோடிருக்கும்போது கையெழுத்திடும் உரிமை கோரித் தாக்கலான மனு மீது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பியது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மனநலச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வயது வந்த எவரும் தாம் நம்பும் ஒருவரைத் தமது பிரதிநிதியாக வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம். அவர் ரத்த உறவினராக இருக்க வேண்டியதில்லை. மனநல சிகிச்சைக்குப் போதுமான அந்த வெள்ளைத் தாள், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லுபடியாவதில்லை.