மேற்கத்திய அளவுகோலில் மறையும் சிறுநீரக ஆபத்து

புது தில்லி: ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரைவிட இந்தியரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகத் தங்குகிறது. லண்டனின் சவுத்ஹால் பகுதியில் குடியேறிய தெற்காசியர்களிடம் நடத்தப்பட்டு, 1991-இல் வெளியான ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது.

இக்கொழுப்பு உடலில் அழற்சியைத் தூண்டுகிறது. ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் உயர்வது அதன் அடையாளம். தொப்பையுடன் ரத்த அழுத்தமும், சர்க்கரையும், ரத்தக் கொழுப்பும் சேர்ந்து கூடும்போது அதை 'வளர்சிதை மாற்ற நோய்க்குறி' என்கின்றனர் மருத்துவர்கள். அது சிறுநீரகத்தையும் தாக்குகிறது. சிறுநீரில் ஆல்புமின் புரதம் சிறிதளவு கசிவதே தொடக்க அறிகுறி. அப்போது வலி இராது, நோயாளிக்கும் தெரியாது.

இடுப்புச் சுற்றளவுக்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரம்பு ஆண்களுக்கு 102 செ.மீ., பெண்களுக்கு 88 செ.மீ. தெற்காசியர்களுக்கு இதை முறையே 90, 80 என 2005-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு நிர்ணயித்தது. உடல் நிறை குறியீடு 23-ஐ எட்டினாலே அதிக எடை என 2009-இல் இந்திய வல்லுநர்கள் வரையறுத்தனர்.

ஆனால், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு 25-ஐயே எல்லையாகக் கொண்டது. அக்கணக்கிலேயே 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 24 சதவீதத்தினர் அதிக எடை உடையவர்கள். 23-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர்கள் இதில் சேரவில்லை.

சிறுநீரகம் செயலிழந்த ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. அது நோயின் கடைசிக் கட்டத்துக்கான உதவி. தொடக்கத்திலேயே கண்டறிய ஓர் அளவு நாடாவும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையும் போதும். அளவுகோல் மட்டும் இந்திய உடலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.