வலியின்றி வரும் வயிற்றுப் புண்

பண்ருட்டிக்கு அருகே கெடில நதிக்கரையில் விளங்கும் திருவதிகை வீரட்டானம், அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சூலை நோயால் துடித்த மருணீக்கியார் இத்தலத்திற்கு வந்ததும், தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்துச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றதும், அவர் பதிகம் பாடி நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனதும் பெரியபுராணம் விரித்துரைக்கும் வரலாறு. அந்நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் தேடுவது வீண் வேலை. ஆனால் அவரைத் தமக்கையாரிடம் கொண்டு சேர்த்தது அந்த வலியே.

முதுமையில் வரும் வயிற்றுப் புண்ணிலோ பல வேளைகளில் அந்த வலியே இருப்பதில்லை. அல்சர் என வழங்கும் இது, இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் உட்சுவர் அரிக்கப்படுவதால் உண்டாவது. இளையோருக்கு நெஞ்சுக்குழி எரிச்சலாகவோ பசிவேளை வலியாகவோ பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். முதியோரிடம் பசியின்மை, சோர்வு, காரணம் தெரியாத இரத்தசோகை என்று வேறு உருவில் ஒளிந்திருக்கும். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டாரும் சமாதானம் கொள்வர். பிறகு ஒருநாள் மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகக் கழியும். எழுந்து நின்றால் தலை சுற்றும். உள்ளே இரத்தம் கசிகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக அமைவதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் எது என்பதை வீட்டிலிருந்தபடி தீர்மானித்தல் தகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காரமும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே பெருங்காரணம் என்று காட்டினர். நம்ப மறுத்தோர்க்கு மெய்ப்பிக்க 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி நோயுற்றார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இக்கிருமியைச் சுமார் இரண்டு வார மருந்தில் ஒழிக்க இயலும்.

மற்றொரு காரணம் முதியோர் இல்லந்தோறும் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. முழங்கால் வலிக்கு உண்ணும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள் வலியைத் தணிக்கும்போதே, இரைப்பைச் சுவரைக் காக்கும் இயற்கைப் பொருளின் சுரப்பையும் குறைத்துவிடுகின்றன. இவை இரத்தத்தின் வழியாகவும் வேலை செய்வதால், ‘சாப்பிட்ட பிறகுதானே போட்டேன்’ என்பது முழுக் காப்பு ஆகாது. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வர விரும்பும் பெரியவர், மருந்துக் கடையில் ‘கால் வலி மாத்திரை’ என்று மட்டும் கேட்டு வாங்கி, விரத வயிற்றில் விழுங்கிவிட்டு நடக்கிறார். இதயத்திற்காக அன்றாடம் ஆஸ்பிரினும் உண்பவராயின் ஆபத்து பன்மடங்கு. இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். பழி விரதத்தின்மேல் விழுகிறது, பாவம்! புண்ணுக்கு வித்திட்டது மாத்திரையே.

இதைப் படித்த அச்சத்தில் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெருந்தீங்கு; மாரடைப்புக்கு அது வழிகோலலாம். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டினால், எது தேவை, எது வேண்டாம் என்று அவர் பிரித்துரைப்பார். மூட்டுவலிக்கு இரைப்பையைக் குறைவாகத் துன்புறுத்தும் மருந்தோ மேற்பூச்சோ தரக்கூடும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையைத் தந்தால், அதனைக் காலை உணவுக்கு அரைமணி முன்னர் உண்ண வேண்டும். பால் குடித்தால் புண் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. சற்று இதமளித்துப் பின் அமிலத்தைப் பெருக்குவதே அதன் இயல்பு. முன்னரே புண் இருந்தவர்கள், ஏகாதசி உபவாசத்தை எவ்வளவு நேரம் கொள்ளலாம், மாத்திரைகளை எவ்வேளை உண்ணலாம் என்பதையும் அம்மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.