நிற்கத் தெரிந்த கார்

2025 ஜனவரியில் டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் எடுத்தது. அடுத்த மாதம், 2020 மார்ச்சிலிருந்து நின்றுபோயிருந்த தனியார் வாகன இறக்குமதியை எங்கள் இலங்கை அரசாங்கம் திறந்துவிட்டது. இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் நான் வைத்திருக்கும் சின்னக் கராஜுக்கு ஒரு புதுக் கேள்வி வரத் தொடங்கியது.

"அண்ணே, நாளாந்தம் கந்தோருக்கும் போகவேணும், இடைக்கிட ட்ராக்கிலயும் ஓடவேணும். ஒரே கார். எதை எடுக்கிற?"

கேட்பவர்களில் வைத்தியர் உண்டு, வங்கி உத்தியோகத்தர் உண்டு, மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தகப்பனும் உண்டு. எல்லோரும் குதிரைவலுவில்தான் தொடங்குவார்கள். இது முந்நூறு, அது நானூறு என்று யூடியூப்பில் பார்த்ததை ஒப்புவிப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: "ஓடுறதை விடு மனே. நிக்கிறதைப் பற்றிக் கேள்."

டுபாய் அல் கூஸ் பகுதியில் ஒரு கராஜில் பல வருடம் வேலை செய்தவன் நான். அந்த நகரில் 2004 இல் திறந்த டுபாய் ஒட்டோட்ரோம் என்ற பந்தயத் தடம் இருக்கிறது. முழுச் சுற்று 5.39 கிலோமீற்றர். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளிக்கிழமை சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். எஞ்சின் உடைந்து வந்தது குறைவு. பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி வரும், டிஸ்க் நீலம் பாரித்து வரும், ரயரின் தோள் பிய்ந்து வரும். விலை கூடிய கார் என்றால் பில் கூடும், வருத்தம் ஒன்றுதான். அஜித்தின் காரும் அந்த 24 மணிநேரப் பந்தயத்துக்கு முந்திய பயிற்சியில் தடுப்பில் மோதியது உங்களுக்கு நினைவிருக்கும். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவரது அணி அறிவித்தது. அதுவோ பந்தயத்துக்கென்றே கட்டிய போர்ஷே, பக்கத்தில் ஒரு முழு மெக்கானிக் படை.

பிரேக்குக்கு ஏன் இவ்வளவு பாடு? ஓடும் காரின் வேகம் முழுவதையும் அது சூடாக மாற்றித்தான் நிறுத்துகிறது. வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். 1,600 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 200 கிலோமீற்றரிலிருந்து ஒரே தடவை நின்றால், எட்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு சில வினாடிகளில் அந்த டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. தடத்தில் இது ஒவ்வொரு நேர்ப்பாதை முடிவிலும் நடக்கும். ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 1,040 கிலோ வரும் சின்னக் கார் 160 இலிருந்து நின்றால் மூன்றரை லீற்றர்தான். எடை குறைந்த கார், குறைந்த வேகம்: பிரேக் தப்பிவிடும். குதிரைவலுவைக் கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பிரேக் ஒயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊருக்கு இது தனி விசயம். இந்த ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. டொட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும்; ஆவி அமுங்கும், பெடல் அடித்தட்டு வரை போகும், கார் நிற்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மண்திட்டு என்று வாழ்கிறோம். எழுவான்கரையில் நிற்கும் காருக்கு ஈரம் பற்றிச் சொல்லவா வேண்டும்? நான்கு வருடம் மாற்றாத ஒயில் போத்தலின் மூடியைத் திறந்தால் மஞ்சளாக இருக்கவேண்டியது கறுத்துக் கிடக்கும். மூடியின் உட்பக்கத்து ரப்பரில் பிசுபிசுப்பு இருக்கும். கச்சேரிக்கும் சந்தைக்கும் போய்வர அதுவே போதும், ஒன்றும் தெரியாது. தடத்தில் மூன்றாவது சுற்றில் தெரியும். அதனால் தடத்துக்குப் போகிறவர் வருடம் ஒருமுறையும், போகும் கிழமையில் இன்னொரு முறையும் ஒயிலை முழுதாக மாற்றவேண்டும். டொட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5 என்றும் 5.1 என்றும் பெயர் வைத்தவர்கள் யாரோ, கடைக்காரரை ஏமாற்றவென்றே வைத்ததுபோல இருக்கிறது.

இன்னொன்று: தடத்தில் ஓடிவிட்டு வந்ததும் ஹாண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் ஓரிடத்தில் பிடித்து நின்றால் அந்த இடம் கெட்டுவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் நடுங்கும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி ஆறவிடுங்கள். பிறகு கியரில் போட்டு, ரயருக்குக் கல் வையுங்கள்.

சரி, தடம் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பில் இல்லை. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. தியத்தலாவை பொக்ஸ்ஹில் போன்ற இராணுவ முகாம்களை ஒட்டிய சுப்பர்குரொஸ் தடங்கள் கிறவல் தடங்கள். வீட்டுக் காரை அங்கே இறக்குவது பாவம். மலையேற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு, குட்டிக் காருக்கு வாய்ப்பு அதிகம். ஓடுபாதையில் நீண்ட நேர்ப்பாதை முடிந்து சட்டென்று வளைவு வரும். நான் மேலே சொன்ன கதையெல்லாம் அங்கேதான் நடக்கும். எங்களுக்கு அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். லொறியில் ஏற்றிப் போகிற வசதி எல்லோருக்கும் இல்லை. போகிற காரிலேயே ஓடி, அதே காரில் திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கும் போகவேண்டும்.

ஆகவே அந்தக் கார் வாழ்நாளில் பெரும்பகுதியை எங்கள் வீதியில்தான் கழிக்கும். வெளி வீதியில் சட்டப்படி 70, ஊருக்குள் 50. காத்தான்குடியைத் தாண்டும்போது 30 கிடைத்தாலே பெரிய விசயம். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபின் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு நினைத்த நேரத்தில் போகலாம். அங்கே வேளாண்மை வெட்டும் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். பரவிய நெல்லின் மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவருக்குத் தெரியும் ரயர் எப்படி வழுக்கும் என்று. இரவில் சூடான தார் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். பொலன்னறுவைப் பக்கம் போனால் யானை. சில ஒழுங்கைகளில் வேகத்தடை என்ற பெயரில் ஊரவர்களே போட்டுவைத்த சீமெந்து மேடுகள். இதற்குள் நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓடும் காரைக் கொண்டுவந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

உலகத்தில் இந்த இரட்டை வேலைக்குப் பேர்பெற்றது போர்ஷே 911. பேர் சரியானதுதான், நானே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஆனால் இங்கே அதற்குப் பாகம் ஒவ்வொன்றும் கொழும்பிலிருந்தோ கடல் கடந்தோ வரவேண்டும். ஹொண்டா சிவிக் டைப் ஆர், 2017 இல் வந்த உருவம், 2.0 லீற்றர் டேர்போ, 320 குதிரைவலு: தடத்தில் அருமையான கார். அதன் ரயர் அளவைப் பாருங்கள், 245/30, 20 அங்குல வளையம். வளையத்துக்கும் வீதிக்கும் இடையில் மூன்று விரல் ரப்பர்கூட இல்லை. ஒரு குழி போதும் வளையம் நெளிய. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 2016 உடன் நின்றுபோனது; கிடைப்பதெல்லாம் பலர் கைமாறிப் பூஸ்ட் ஏற்றி ஏற்றி வதைத்தவை. மஸ்டா ரோட்ஸ்டர் ஓட்டுவதற்கு அவ்வளவு இனிமை, ஆனால் இரண்டு இருக்கை. மாமாங்கத் திருவிழாவுக்கு மனைவியோடு போகலாம், பிள்ளைகளை ஓட்டோவில் அனுப்பவேண்டும்.

வரியும் சின்ன எஞ்சின் பக்கம்தான் தள்ளுகிறது. எங்கள் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவின்படி. எஞ்சின் பெருத்தால், சீசீக்கு அறவிடும் வீதமும் சேர்ந்து ஏறும். அதற்கு மேல் சுங்கம், பெறுமதி கூடினால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் தலையில் 18 சதவீத வற் வரி. இரண்டு லீற்றர் எஞ்சின் இறக்குகிற காசில் பாதிக்கு மேல் திறைசேரிக்குத்தான் ஓடும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: சுசுக்கி சுவிப்ட் ஸ்போர்ட். சிரிக்கவேண்டாம். 2017 இல் வந்த உருவம் கைக்கியரோடு 970 கிலோ. 1.4 லீற்றர் டேர்போ, 140 குதிரைவலு. அதற்கு முந்திய உருவம் 1.6 லீற்றர், டேர்போ இல்லை, 136 குதிரைவலு, 1,050 கிலோ. இது கழற்றிப் பூட்ட இன்னும் இலகு. இரண்டுக்கும் ரயர் 195/45, 17 அங்குலம். நாலு கதவு, ஏசி, பின்னால் பிள்ளைகள். சாதாரண சுவிப்ட் ஊரெல்லாம் ஓடுவதால் பல பாகங்களுக்குக் கை விரிக்கத் தேவையில்லை. நல்ல பேட், புது ஒயில், தேவையானால் ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் குழாய்: இவ்வளவும் மாற்றினாலே தடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பிடிக்கும். கைக்கியரையே எடுங்கள், 1.6 இல் வரும் சீவீரி கியர்பெட்டி தடத்தின் சூட்டுக்குச் செய்ததல்ல. காசு இன்னும் இருக்கிறவர்கள் டொயோட்டா ஜீஆர் யாரிஸ் பார்க்கலாம். 2020 இல் வந்தது, மூன்று சிலிண்டர் 1.6 டேர்போ, 272 குதிரைவலு, நாலு சில்லிலும் இழுவை. ரலி பந்தயத்துக்காகப் பிறந்த கார் என்பதால் பிரேக் ஆரம்பத்திலிருந்தே பெரிது.

பெற்றோல் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானில் இந்தக் கார்களுக்கு உயர் ஒக்டேன் போடச் சொல்லித்தான் வரும். எங்களிடம் பெரும்பாலும் கிடைப்பது 92 உம் 95 உம்தான், 95 போடுங்கள். 92 போட்டால் எஞ்சின் தட்டும் சத்தம் வராமலிருக்க அதன் கணினி தீப்பொறியைப் பின்தள்ளும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலு அப்படியே போய்விடும்.

ரயரைப் பற்றிச் சுருக்கமாக: தடத்துக்கென்று விற்கும் அரை வழுக்கை ரயரைப் போட்டுக்கொண்டு மார்கழி மழையில் வீதிக்கு வராதீர்கள். தண்ணீரை வெளியே தள்ள அதில் வாய்க்கால் போதாது. கார் தண்ணீரின் மேல் மிதக்கும், ஸ்டியரிங் சும்மா சுற்றும். பழைய வளையம் நாலு எடுத்து, தட ரயரை அதில் தனியாக வைத்திருங்கள்.

இனி உப்பு. டுபாயில் மணல் தின்னும், இங்கே உப்புத் தின்னும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வெளியில் நிற்கும் காரின் பிரேக் குழாய், காலிப்பர் ஊசி, பின் சஸ்பென்ஷன் இரும்பு எல்லாம் மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே சொரசொரத்துப்போயிருக்கும். ஜப்பானிலிருந்து வருவதையும் நம்பவேண்டாம். அங்கே பனிப் பிரதேசத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் கார்ப் படத்தின் மேல் எழுத்துகள் இருக்கும்: எஸ் என்றால் துரு, சீ என்றால் அரிப்பு, டபிள்யூ என்றால் தட்டித் திருத்தியது, இரட்டை எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றியது. தரம் என்ற இடத்தில் ஆர் என்றோ ஆர்ஏ என்றோ இருந்தால் விபத்துத் திருத்தம். தாளைக் காட்டத் தயங்குகிற விற்பனையாளரிடம் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கல்லடிப் புதுப் பாலத்தில் நடுச்சாமத்தில் 140 பிடித்துக் காட்டும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில்லில் பந்தயக் கார் பாதை விலகிப் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள், எட்டு வயதுப் பிள்ளையும் அதில் ஒன்று. அது ஒழுங்குபடுத்திய பந்தயம், கொடி பிடிக்க ஆள் நின்ற இடம். பாலத்தில் கொடி பிடிக்க யாருமில்லை, தூண்டில் போடுகிறவர்கள்தான் நிற்கிறார்கள். தடத்துக்குப் போகிறவர்களும் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசியுங்கள். பந்தயப் பயன்பாட்டை விலக்கும் வாசகம் சாதாரணப் பத்திரங்களில் இருக்கும். தடத்தில் உடைந்தால் உங்கள் செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கார் எடுத்த சந்தோசத்தில் தேங்காய் உடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து "எப்படி அண்ணே?" என்று கேட்காதீர்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள். என்னிடம்தான் என்றில்லை, நம்பிக்கையான எந்த மெக்கானிக் பாஸிடமும் போங்கள். காரை ஜக்கில் ஏற்றி, நாலு சில்லையும் கழற்றி, டோர்ச் பிடித்துக் கீழே பார்க்க அரை மணித்தியாலம் போதும்.